வீங்கின காலுக்குக் கட்டுப் போட்டால் கால் அழுகிவிடுமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது: யானைக்கால் வீக்கத்துக்குக் கட்டுப் போட்டால் ரத்தம் நின்று கால் அழுகிவிடுமாம், சூடான எண்ணெய் தேய்த்தாலே வற்றிவிடுமாம். தவறு. நிணநீர், அதாவது உடல் திசுக்களில் ஊறும் நீர், வடிய வழியில்லாமல் தேங்குவதுதான் இந்த வீக்கம். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் கட்டுவதால், மாந்தோப்பில் நடக்கும்போதுகூட கெண்டைக்கால் தசை கட்டின்மேல் அழுந்தி நீரை மேலே தள்ளும். கிரேப் பேண்டேஜை நாமே இறுக்கிச் சுற்றினால் அது சுருண்டு கயிறு மாதிரி வெட்டும், ஆடியோக்காரர் அதைத்தான் பார்த்திருப்பார் போல. ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் கட்டு ஆபத்துதான், அதனால்தான் டாக்டர் முதலில் பாதத்தில் நாடி பார்க்கிறார். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். அப்புறம் அந்தச் சூடான எண்ணெய்: தோல் வெந்தால் புண் வழியே கிருமி நுழைந்து காய்ச்சலோடு வீக்கமும் கூடும்.