வெயில்ல நின்ன எஞ்சின்

(தலவாக்கலை டவுனுக்கு மேலே, தோட்டத்து ரோட்டோரம். காலையிலிருந்தே மூடுபனி. நீல நிற யமஹா ஆர்15 வி3 ஒன்று ஸ்டாண்டில் நிற்கிறது. தினேஷ் அதன் டேங்கைத் துடைத்துத் துடைத்து மினுக்கிக்கொண்டிருக்கிறார். குடையோடு புஷ்பா வருகிறார். தோளில் பை, கையில் சின்ன டார்ச்.)

தினேஷ்: வாங்கக்கா, வாங்க. பைக் யாருக்கு, வீட்டுக்காரருக்கா?

புஷ்பா: என் தம்பிக்கு. நுவரெலியாவில வேல. தெனமும் ஏறி எறங்கணும்.

தினேஷ்: அப்ப இதுக்கு மேல ஒரு பைக் கெடையாதுக்கா. 155 சிசி, ஆறு கியர், கூலன்ட் ஓடுற எஞ்சின். 2019 மாடல். நான் கையால தொடைச்சே தேஞ்சிருக்கு, ஓடித் தேயல.

புஷ்பா: (புறங்கையை எஞ்சினில் வைத்து) சூடா இருக்கே.

தினேஷ்: வெயில்ல நின்னதுக்கா.

புஷ்பா: எந்த வெயில்?

(இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எதிர் மலையே தெரியவில்லை.)

தினேஷ்: நேத்து வெயில்.

புஷ்பா: நா வாறதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டீங்க. ஆறின எஞ்சினத்தான் தம்பி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். அப்பத்தான் பேட்டரி முக்குதா, டைமிங் செயின் கடகடங்குதா, மொதப் பொகை நீலமா வருதான்னு தெரியும். நீலம்னா எண்ணெய் எரியுது. சூடேறினா பாதிச் சத்தம் அடங்கிரும்.

தினேஷ்: அக்காவுக்குக் குளிருமேன்னு சூடு பண்ணி வச்சேன்.

புஷ்பா: நல்ல மனசு. சரி, டயர் எப்ப மாத்துனது?

தினேஷ்: பின் டயர் புத்தம் புதுசு. 2023ல போட்டது.

புஷ்பா: (குனிந்து டார்ச் அடிக்கிறார்) இந்த நீள வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கு, பாருங்க. 1419. 2019ஆம் வருஷம் 14ஆவது கெழம செஞ்ச டயர். பைக்கோட வந்த டயரே இதுதான்.

தினேஷ்: கடைக்காரன் ஏமாத்திட்டானேக்கா!

புஷ்பா: கடைக்காரன் ஏமாத்தல. காடிக்குள்ள கொஞ்சம் ஒசந்து நிக்கிற இந்த மேடு இருக்கே, இது கணக்குக்கு விட்டது. டயர் தேஞ்சு இதோட மட்டமாச்சுன்னா ஆயுசு முடிஞ்சுது. இது மட்டமாயி மாசக்கணக்காவுது. ரப்பரும் நகம் பட்டா அமுங்கல. மழை பெய்ஞ்ச ரோட்டுல தேயிலக் கொழுந்து விழுந்து கெடக்கும், அதுல இந்த டயர் என்ன செய்யும்?

தினேஷ்: நா மெதுவாத்தான் போவேன்.

புஷ்பா: டயரோட ஓரமும் தேஞ்சிருக்கே. மெதுவாப் போறவன் ஓரத்தால போவானா?

தினேஷ்: நம்ம ரோட்டுல எங்கக்கா நேரா போறது? தலவாக்கலையில இருந்து ஹட்டன் வரைக்கும் வளைவுதானே.

புஷ்பா: அது ஒத்துக்க வேண்டியதுதான். காத்து எவ்வளவு அடிக்கிறீங்க?

தினேஷ்: 40. கல்லு மாதிரி நின்னாத்தான் பெற்றோல் மிச்சம்.

புஷ்பா: முன்னுக்கு 29, பின்னுக்கு 33ன்னு கம்பெனியே எழுதியிருக்கு. 40 அடிச்சா நடு மட்டும் ரோட்டுல பதியும், ஈரத்துல பிரேக் புடிச்சா வழுக்கும். டயர் ஆறி இருக்கும்போது அளக்கணும். பெற்றோல் செட்டுக்கு ஓடிப் போய் அளந்தா சூட்டுல கூடத்தான் காட்டும்.

(பிரேக் லீவரைப் பிடிக்கிறார். அது ஹேண்டில் பார் வரை வந்து நிற்கிறது.)

புஷ்பா: தம்பி, இது பிரேக்கா, கிளட்ச்சா?

தினேஷ்: சொப்ட்டா செட் பண்ணியிருக்கு. வெரலு நோகாது.

புஷ்பா: (எண்ணெய்க் குப்பியில் டார்ச் அடிக்கிறார்) பிரேக் எண்ணெய் பிளேன்டீ மாதிரி இருக்கு. புதுசுன்னா லேசா மஞ்சளா, கண்ணாடி போல தெரியணும். எப்ப மாத்துனீங்க?

தினேஷ்: கொறைஞ்சா ஊத்துவோம்ல.

புஷ்பா: கொறைஞ்சா மொதல்ல பிரேக் பேட்ட பாக்கணும். பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் தானா எறங்கும். நீங்க மேல மேல ஊத்திட்டு, புது பேட் போட்டு பிஸ்டன உள்ள தள்ளினீங்கன்னா மிச்சமானது பொங்கி டேங்க் பெயிண்டத் திங்கும். இந்தா, இந்த எடத்துல பெயிண்ட் கொப்புளிச்சிருக்கு. இது அதானே?

தினேஷ்: அது... டிசைன்.

புஷ்பா: டிசைனா! பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நம்ம பக்கம் ஈரத்துக்குப் பஞ்சமா? டொட் 4 எண்ணெய் புதுசுல 230 பாகைக்குக் கீழ கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கப்புறம் 155 வரைக்கும் எறங்கிரும். நுவரெலியாவில இருந்து ரம்பொட பக்கம் எறங்குறவன் மொத வளைவுல இருந்து கடைசி வரைக்கும் பிரேக்க மிதிச்சிக்கிட்டே போனா, எண்ணெய் கொதிச்சு ஆவியாகும். ஆவியப் புழிஞ்சா அமுங்கும், பேட்டத் தள்ளாது. லீவர் இப்படித்தான் ஹேண்டில் வரைக்கும் வரும்.

தினேஷ்: நா பின் பிரேக்க மட்டுந்தாங்க்கா மிதிப்பேன். முன் பிரேக் போட்டா கவிழ்ந்துரும்னு எங்கப்பா சொல்லியிருக்காரு.

புஷ்பா: எறக்கத்துல பாரமெல்லாம் முன் சில்லுக்குத்தான் போகும். பின்ன மட்டும் போட்டா பின் சில்லு இழுபடும், டிஸ்க் நீலம் பூக்கும். ரெண்டையும் பட்டுன்னு புடிக்காம கொஞ்சங் கொஞ்சமாப் புடிச்சு விடணும். மிச்சத்த எஞ்சின் பாத்துக்கும். ரெண்டாவது, மூணாவது கியர்ல எறங்குறதுதானே?

தினேஷ்: எஞ்சின் ஓடினாத்தானேக்கா.

புஷ்பா: என்னது?

தினேஷ்: 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் அடிச்சு கெழமைக்கு 4 லீட்டர் குடுத்தாங்கல்ல. அப்ப பழகினது. சாவியத் திருப்பி நியூட்ரல்ல விட்டா நானுஓயாவில இருந்து ஒரு சொட்டு செலவில்லாம வந்துரலாம்.

புஷ்பா: வந்துரலாம். ரதெல்ல எறக்கத்துல முழுப் பாரத்தையும் பிரேக் ஒண்டியாத் தாங்கும். பேட் இப்படிக் கடுதாசியாத் தேஞ்சது எதனாலன்னு இப்பத்தான் புரியுது. இந்த இன்ஜெக்‌ஷன் எஞ்சின்ல கியர்ல போட்டு எக்சலேட்டர விட்டாலே பெற்றோல் நின்னுரும். சாவியத் திருப்பி என்னத்த மிச்சம் புடிச்சீங்க?

தினேஷ்: (கணக்குப் போட்டுப் பார்த்து) ரெண்டு செட் பேட் செலவு பண்ணியிருக்கேன்.

(புஷ்பா பின்னால் போய் செயினை விரலால் தூக்கிப் பார்க்கிறார்.)

தினேஷ்: செயின் புதுசு. போன மாசந்தான். இதுல பொய்யே இல்ல.

புஷ்பா: செயின் புதுசு. பல்சக்கரம் பழசு. பல்லெல்லாம் அலை மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, பாருங்க. புதுச் செயின பழைய பல்லுல போட்டா அதுவும் சீக்கிரமே இழுபடும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூணையும் செட்டாத்தான் மாத்தணும். அதையும் போன மாசம் சொன்னேன்.

தினேஷ்: யாருட்டக்கா சொன்னீங்க?

புஷ்பா: கடைக்கு வந்து 'செயின் மட்டும் போதும், வியாபாரத்துக்குச் சொல்லாதீங்கக்கா'ன்ன பொடியன்கிட்ட. டவுன்ல பைக் சாமான் கடை கவுண்டர்ல நாந்தான் நிக்கிறேன்.

தினேஷ்: ...அது என் மச்சான்.

புஷ்பா: இதே சிவப்பு ஜெக்கட்டத்தான் மச்சானும் போடுவாரா?

தினேஷ்: மாறி மாறிப் போடுவோம்.

புஷ்பா: சில்லச் சுத்திப் பாருங்க. செயின் இங்க தொங்குது, அரைச் சுத்து போனா விறைக்குது. விறைக்கிற எடத்தக் கண்டுபுடிச்சு, அங்க கீழ்ப் பக்கத்து நடுவுல மேலயும் கீழயுமா 3 சென்டிமீட்டர் போல ஆடுற மாதிரி வைக்கணும். தொங்குற எடத்துல அளந்து இறுக்கினா விறைக்கிற எடத்துல பேரிங் கத்தும். செயினுக்கு என்ன போடுறீங்க?

தினேஷ்: பெற்றோல் ஊத்திக் கழுவி, கிரீஸ் அப்புவேன். அள்ளி அப்புவேன்.

புஷ்பா: ஓ-ரிங் உள்ள செயின்னா பெற்றோல்ல அது காஞ்சு வெடிக்கும். மண்ணெண்ணெய், மெதுவான பிரஷ், ஈரம் போகத் தொடைச்சு 90 நம்பர் கியர் எண்ணெய் ஒரு ஓட்டம். அஞ்சு நிமிஷம் விட்டு வெளிய வழியிறத தொடைச்சுரணும். கிரீஸ் அப்பினா மண்ணு ஒட்டி, அரம் போட்ட மாதிரி ராவும். 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா. மழையில ஓடினா அன்னிக்கே.

தினேஷ்: நம்ம ஊருல அப்ப தெனமும் செயினோடதான் குடித்தனம்.

புஷ்பா: சாவியக் குடுங்க.

தினேஷ்: நீங்களா ஓட்டப் போறீங்க?

புஷ்பா: பின்ன? இந்தாங்க என் அடையாள அட்டை.

(பைக்குள்ளிருந்து ஹெல்மட் எடுத்துப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் போகிறார். சத்தம் மட்டும் மலையெல்லாம் கேட்கிறது. சைலன்சர் கம்பெனி சைலன்சர் இல்லை என்பது அடுத்த தோட்டத்துக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறார்.)

தினேஷ்: எப்படி இழுக்குது, பாத்தீங்களா!

புஷ்பா: கத்துது. இழுக்கல.

தினேஷ்: மலையில காத்து கொறவுக்கா. அதான். கொழும்புல விட்டுப் பாருங்க, பறக்கும்.

புஷ்பா: நுவரெலியா 1,868 மீட்டர். அங்க காத்து கடலோரத்தவிட ஆறுல ஒரு பங்கு போல கொறவு, பவரும் அந்தளவு கொறயும். அது நெசந்தான். ஆனா அப்படின்னா ஆர்பிஎம்மும் சேந்துதான் முக்கணும். இங்க அஞ்சாவது கியர்ல எக்சலேட்டரத் திருகினா ஆர்பிஎம் 6,000ல இருந்து 8,000க்குத் தாவுது, வேகம் நின்ன எடத்துல நிக்குது. கிளட்ச் வழுக்குது தம்பி.

தினேஷ்: இதுல ஸ்லிப்பர் கிளட்ச். வழுக்கத்தானே செய்யும்?

புஷ்பா: அது கியர் கொறைக்கும்போது பின் சில்லு பூட்டிக்காம இருக்கிறதுக்கு. மேட்டுல ஏறும்போது வழுக்குறதுக்கு இல்ல. என்ன எண்ணெய் ஊத்தியிருக்கீங்க?

தினேஷ்: நல்ல எண்ணெய். மாமாவோட வேனுக்கு வாங்கினதுல மிஞ்சினது.

புஷ்பா: ஆண்டவனே. பைக் கிளட்ச் எண்ணெய்க்குள்ளதான் முங்கி நிக்குது. வேன் எண்ணெயில உராய்வு கொறைக்க மருந்து சேத்திருப்பாங்க, அது கிளட்ச் தட்டுக்கு ஆகாது. போத்தல்ல ஜாசோ எம்ஏன்னு போட்ட 10டபிள்யூ-40 வாங்கணும். மேட்டுல பஸ்ஸுக்குப் பின்னால அரைக் கிளட்ச்சுல தொங்கிட்டுப் போற பழக்கம் வேற இருக்குமே?

தினேஷ்: பஸ்ஸு நின்னு நின்னு போனா நா என்னக்கா செய்யிறது?

புஷ்பா: நின்னு, எடம் விட்டு, ஒரேயடியாப் போறது. எண்ணெய மாத்திட்டு 200, 300 கிலோமீட்டர் ஓடிப் பாருங்க. அப்பயும் வழுக்கினா தட்டு செட்டு மாத்தணும். ரேடியேட்டர்ல என்ன?

தினேஷ்: நம்ம பீலித் தண்ணி. அவ்வளவு சுத்தம், குடிக்கலாம்.

புஷ்பா: குடிங்க. ரேடியேட்டருக்குக் கூலன்ட்டு ஊத்துங்க. வெறுந் தண்ணி அலுமினியத்த அரிக்கும், உப்புப் படியும். சூட்டோட மட்டும் மூடியத் திறந்துராதீங்க, மூஞ்சிக்கு அடிக்கும். அது கெடக்கட்டும், பைக் விழுந்திருக்கா?

தினேஷ்: சாஞ்சது. நிறுத்தியிருந்த எடத்துல, சும்மா.

புஷ்பா: இடப் பக்கம் பெடல் முனை தேஞ்சிருக்கு. வலப் பக்கம் ஹேண்டில் முனை தேஞ்சிருக்கு.

தினேஷ்: காலையில ஒரு பக்கம் சாஞ்சது. அந்தியில மத்தப் பக்கம்.

புஷ்பா: ஹேண்டில நடுவுல வச்சு மெதுவாத் திருப்பினா ஒரு எடத்துல டக்குன்னு உக்காருது. ஹேண்டில் திரும்புற பேரிங், அதான் கோன் செட், பள்ளம் விழுந்திருச்சு. முன் சில்லுப் போர்க் சீல்ல எண்ணெய் வடிஞ்சு தூசி பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. சீஆர் புக், பதிவுப் புத்தகம், யார் பேருல?

தினேஷ்: மச்சான் பேருல.

புஷ்பா: சிவப்பு ஜெக்கட் மச்சானா?

தினேஷ்: இது வேற மச்சான், லீசிங் இன்னும் ஏழு தவணை கட்ட இருக்கு. ஆனா டிரான்ஸ்பர் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்க்கா.

புஷ்பா: லீசிங் கம்பெனி விட்டுக் குடுக்காம அந்தக் கையெழுத்து ஒண்ணுத்துக்கும் ஆகாது. என்ன வெல சொன்னீங்க?

தினேஷ்: 12 லட்சம். இறக்குமதி நிப்பாட்டின காலத்துல இதுக்குச் சண்டை போட்டாங்க.

புஷ்பா: அது 2020ல நிப்பாட்டினது. 2025ல திறந்து விட்டாச்சு. இப்ப கணக்கப் பாருங்க. டயர் ரெண்டு, செயின் செட், முன் பின் பேட், பிரேக் எண்ணெய், கோன் செட், போர்க் சீல், எஞ்சின் எண்ணெய், கூலன்ட். கிளட்ச்சு தட்டு சந்தேகம். கம்பெனி சைலன்சர் இருக்கா?

தினேஷ்: வீட்டுல பரண்ல. கோழி அட வச்சிருக்கு.

புஷ்பா: அதையும் எழுதுவோம். இவ்வளவும் கழிச்சு, லீசிங்கையும் கழிச்சு...

(பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து எழுதுகிறார். தினேஷ் எட்டிப் பார்க்கிறார். முகம் மாறுகிறது. பைக்கைப் பார்க்கிறார், காகிதத்தைப் பார்க்கிறார், மறுபடி பைக்கைப் பார்க்கிறார்.)

தினேஷ்: அக்கா, இந்த வெலைக்குக் குடுக்கிறதுக்கு இத நானே வச்சு ஓட்டிருவேனே.

புஷ்பா: ஓட்டுங்க. யார் வேணாம்னா?

தினேஷ்: இந்தச் சாமானெல்லாம் ஒங்க கடையில இருக்கா?

புஷ்பா: டயரும் சீலும் வரவழைக்கணும். மத்ததெல்லாம் இருக்கு.

தினேஷ்: ஒரேயடியா முடியாது. எதுல தொடங்குறது?

புஷ்பா: பிரேக்குல. இன்னிக்கே. அதுக்கப்புறம் டயர். செயின் செட் அடுத்த சம்பளத்துக்கு நிக்கும்.

தினேஷ்: கடனுக்குத் தருவீங்களாக்கா?

புஷ்பா: மச்சான் கையெழுத்துப் போட்டாலும் தரமாட்டேன். வரும்போது பழைய பேட்டக் கழட்டிக் கையோட கொண்டு வாங்க. பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் குடுப்பேன், கவர் பிரிச்சத் திருப்பி எடுக்கிறதில்ல.