ஒரே மாதிரிச் சட்டை போட்டால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

நான் போட்ட தென்கொரியாவின் ஜெஜு தீவுப் படத்துக்குக் கீழே நடக்கும் கூத்தை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஜோடி, முகம்கூடத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே கோடு போட்ட டீ-ஷர்ட், ஒரே வெள்ளை ஷூ. அதற்குத்தான் ‘பேண்டு வாத்திய கோஷ்டி’, ‘பொண்டாட்டி எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கிட்டு நிக்கிற அடிமை’ என்றெல்லாம் கமெண்ட். கடைசியில், நான் மதிக்கும் ஒரு அண்ணனே வந்து ‘காதல் மனசுல இருக்கணும்மா, சட்டையில இல்ல’ என்று எழுதிவிட்டுப் போனார்.

மனசில் இருப்பது வெளியே தெரிந்தால் என்ன அண்ணா தப்பு?

தென்கொரியாவில், ஜோடியாக ஒரே மாதிரி உடுத்தும் இந்தக் ‘கப்பிள் லுக்’ நேற்று முளைத்தது இல்லை. அங்கே வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு இருந்த கட்டுப்பாடு 1989-இல்தான் முழுசாக நீங்கியது. அதற்கு முன்னால் தேனிலவு என்றாலே ஜெஜு தீவுதான். அந்தக் காலத்திலேயே புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு அங்கே படம் எடுத்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் முத்தம் கொடுத்தால் பெரியவர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். ஜோடிகள் கை கோத்து நடப்பார்கள், அதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் ‘இவர் என் ஆள்’ என்று சத்தம் போடாமல் சொல்ல ஒரு சட்டை போதுமானதாக இருக்கிறது. அது யாரை என்ன செய்தது?

ஜெஜுவில் நான் ஏறிய சொங்சான் எரிமலைக் குன்று 182 மீட்டர்தான், ஆனால் காற்று ஆளையே தள்ளும். படியில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி, இரண்டு பேருக்கும் ஒரே ஊதா நிற மலையேற்ற ஜாக்கெட். பாதி வழியில் தாத்தா நின்றார். பாட்டியின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு தன்னுடையதையும் சரியாக அதே உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இவரையா அடிமை என்கிறீர்கள்?

‘எல்லாம் வியாபாரம்’ என்று ஒருவர். ஆமாம், வியாபாரமும்தான். சியோல் நகரின் தொங்தேமுன் துணிச் சந்தைக் கடைகளில் ஆண் அளவும் பெண் அளவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பழகி நூறாவது நாளுக்குப் பரிசு, நவம்பர் 11-க்கு பெப்பெரோ பிஸ்கட் என்று கடைக்காரர்கள் விடமாட்டார்கள்தான். கடைக்காரன் சம்பாதிக்கிறான் என்பதற்காக வாங்கிக் கொடுத்தவளின் அன்பு பொய்யாகிவிடுமா?

‘தனித்தன்மை போய்விடும்’ என்று இன்னொருவர். இப்போது நிறைய பேர் அச்சு அசலாகப் போடுவதே இல்லை. நிறம் மட்டும் ஒத்துப்போகும்படி ஆளுக்கொரு விதமாக உடுத்துகிறார்கள். ஒரு நாள் ஒரே நிறம் போட்டதற்கே கரைந்துபோகும் தனித்தன்மை இருந்தால் என்ன, போனால் என்ன?

தனியாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் அழுத்தம் என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். அது நியாயம். ஜோடி இல்லாதவர்கள் ஏப்ரல் 14 அன்று கறுப்புச் சாஸ் நூடுல்ஸ் சாப்பிடும் வழக்கமே அங்கே இருக்கிறது. ஆனால் நீங்கள் யாரும் அவர்களுக்காகப் பேச வரவில்லையே! சிரிக்கத்தானே வந்தீர்கள்?

இந்தச் சிரிப்பு எனக்குப் புதுசு இல்லை. தொங்தேமுனில் ஒரே மாதிரி இரண்டு பச்சைச் சட்டை வாங்கினோம், தேர்ந்தெடுத்ததே என் கணவர்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது, அத்தனை பேர் முன்னாலும் அவரைப் ‘பொண்டாட்டிதாசன்’ என்றார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை அவர் தொடவே இல்லை. பெண்டாட்டியைப் பத்துப் பேர் முன்னால் அதட்டுகிறவரை ஒருவரும் கேலி செய்வதில்லை. அவளோடு ஒரே நிறத்தில் வந்தவரைத்தான் சிரித்தே சாகடிக்கிறீர்கள். ஒரு ஆம்பளை ஆசைப்பட்டு ஒரு சட்டை போடக்கூடாதா?

படத்தை நீக்கமாட்டேன். அந்த ஜோடியைக் கேவலமாகப் பேசிய கமெண்டுகளை மட்டும் நீக்கிவிட்டேன். அவர்கள் இங்கே வந்து தமிழில் பதில் சொல்ல முடியாது. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், நான் பதில் சொல்கிறேன். அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.