பாஸ்டனுக்கு இரண்டு பொது வானொலி எதற்கு?

பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் நாளைக் காலை அலுவலகம் போகும்போது ஒன்று செய்து பாருங்கள். மாஸ் பைக் நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ரேடியோவை 90.9-இல் வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு 89.7-க்கு மாற்றுங்கள். இரண்டிலும் அதே 'மார்னிங் எடிஷன்' செய்தி நிகழ்ச்சி ஓடும். சாயங்காலம் வீடு திரும்பும்போது மாற்றினாலும் இரண்டிலும் 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்'. 90.9 என்பது டபிள்யூ.பி.யு.ஆர், அதன் உரிமம் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. 89.7 ஜி.பி.எச், எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராத தனி அறக்கட்டளை. இரண்டுமே நேயர்களின் நன்கொடையை நம்பி நடப்பவை. இரண்டும் என்.பி.ஆர் என்ற தேசியப் பொது வானொலி அமைப்புக்குக் கட்டணம் கட்டி அதே நிகழ்ச்சிகளை வாங்கி, அதே நேரத்தில் ஒலிபரப்புகின்றன.

அப்படியானால் இரண்டையும் இணைத்துவிட வேண்டியதுதானே என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. 2024 வசந்தத்தில் டபிள்யூ.பி.யு.ஆரில் 31 பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதில் பெரும்பாலோர் விருப்ப ஓய்வு, மீதிப் பேர் ஆட்குறைப்பு. அடுத்த மாதமே ஜி.பி.எச்சும் 31 பேரை அனுப்பியது. 2019-க்குப் பிறகு டபிள்யூ.பி.யு.ஆரின் விளம்பர ஆதரவுப் பணத்தில் 40 சதவீதம் காணாமல் போயிருந்தது. அப்புறம் 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கென்று ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த நிலைமையில் ஒரே ஊரில் இரண்டு செய்தி வானொலியா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் இணைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தமும் கோபமும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டு நிலையங்களும் எப்போதும் இப்படி இருந்தவை அல்ல. 2009 வரை 89.7-இல் பகலெல்லாம் பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசை, இரவில் ஜாஸ், வார இறுதியில் ஃபோக், புளூஸ். அந்த ஆண்டு ஜி.பி.எச் 99.5 அலைவரிசையில் இருந்த டபிள்யூ.சி.ஆர்.பி நிலையத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கி, செவ்வியல் இசையை அங்கே மாற்றிவிட்டு, 89.7-ஐச் செய்தி வானொலி ஆக்கியது. ஃபோக்கும் புளூஸும் அப்போதே நின்றுபோயின. எரிக் ஜாக்சன் என்ற அருமையான ஜாஸ் அறிவிப்பாளர் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த வார நாள் இரவு நிகழ்ச்சியை 2012-இல் வார இறுதிக்குத் தள்ளிவிட்டார்கள். பெர்க்லி இசைக் கல்லூரி இருக்கிற ஊரில் ஜாஸுக்கு நேர்ந்த கதி இது. 2022-இல் அவர் காலமானபோது எத்தனை பேர் அந்த இரவுகளைப் பற்றி உருகி எழுதினார்கள்!

ஆகவே, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால் ஒரு நிர்வாகம் உட்கார்ந்து யோசித்து அப்படி ஆக்கியது. ஆக்கியதை மாற்றவும் முடியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த முடிவு சரியாக வரவில்லை என்பதற்காக ஒரு நிலையத்தையே இழக்க நான் தயாராக இல்லை.

இணைத்தால் பணம் மிச்சமாகும் என்கிறார்கள். எங்கே மிச்சமாகும்? ஒலிபரப்புக் கோபுரம், கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு, விளம்பர ஆதரவு தேடும் பிரிவு ஆகியவற்றில் கொஞ்சம் மிச்சமாகும், சரி. ஆனால் வானொலியின் பெரிய செலவு சம்பளம். பெரிய மிச்சம் வேண்டுமென்றால் செய்தியாளர்கள் மேல்தான் கை வைக்க வேண்டும். மாநில சட்டமன்றத்தில் இரண்டு மைக், நகர மன்றத்தில் இரண்டு மைக் எதற்கு என்ற கேள்வி முதல் நாளே வரும். இதை வீண்செலவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாசசூசெட்ஸில் சிற்றூர்ப் பத்திரிகைகள் அழிந்துகொண்டிருக்கின்றன. 2022-இல் மட்டும் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம் இங்கே இருபதுக்கு அருகில் வார இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. பள்ளிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்கும்போது, இருக்கிற செய்தியாளர்களைப் பாதியாக்குவது எந்த விதத்தில் சிக்கனம்?

வருமானக் கணக்கும் எனக்கு உதைக்கிறது. நான் இரண்டு நிலையத்துக்கும் மாதாமாதம் பணம் கொடுக்கிறேன். ஒன்றாகிவிட்டால் அந்த ஒன்றுக்கு இரண்டு மடங்கு கொடுப்பேனா? மாட்டேன். என்னைப் போல இரண்டு பட்டியலிலும் பெயர் உள்ளவர்கள் பலர் இருப்பார்கள்.

அடுத்து, யாரோடு யார் இணைவது? ஜி.பி.எச் என்றால் வெறும் வானொலி இல்லை. 'நோவா', 'ஃப்ரண்ட்லைன்' என்று நாடு முழுக்கப் போகும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் பெரிய வீடு அது. அதில் வானொலிக்கு ஒரு அறைதான். 2024 ஆட்குறைப்பில் அங்கே எது நின்றது என்று பாருங்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மூன்று நின்றன. அதில் ஒன்று 'பேசிக் பிளாக்'. 1968-இல் வேறு பெயரில் தொடங்கி, பாஸ்டனின் கறுப்பின மக்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பேசிவந்த நிகழ்ச்சி. இணைந்த பிறகு நெருக்கடி வந்தால் முதலில் எந்தப் பக்கம் வெட்டு விழும் என்பதை ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. மறுபக்கம், பல்கலைக்கழகம் 89.7-ஐ எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டாலும், ஊரின் இரண்டு பொதுச் செய்தி அறைகளும் ஒரே கல்வி நிறுவனத்தின் கீழ் போய்விடும். அந்தப் பல்கலைக்கழகம் இந்த நகரத்தில் பெரிய நில உரிமையாளரும்கூட. அதைப் பற்றிக் கேள்வி கேட்க வெளியே இன்னொரு பொது வானொலி இருந்தே ஆகவேண்டும்.

சியாட்டில் பகுதியில் இதே பிரச்சினை வந்தது. 2015 நவம்பரில், பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம் கே.பி.எல்.யு என்ற தன் ஜாஸ், செய்தி நிலையத்தை, கே.யு.ஓ.டபிள்யூ நிலையத்தை வைத்திருந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தது. இரண்டுமே என்.பி.ஆர் நிலையங்கள். வாங்குபவர்களின் திட்டம், கே.பி.எல்.யுவின் 88.5 அலைவரிசையில் ஜாஸை மட்டும் வைத்துக்கொண்டு செய்திப் பிரிவை மூடுவது. நேயர்கள் கொதித்துப் போனார்கள். ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். கடைசியில், 70 லட்சம் டாலர் திரட்டினால் நிலையத்தை நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று 2016 ஜூன் இறுதிவரை நேயர்களுக்குக் கெடு கொடுத்தது பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம். மே மாதமே பணம் சேர்ந்துவிட்டது. அந்த ஆகஸ்டிலிருந்து அது கே.என்.கே.எக்ஸ் என்ற பெயரில் சுதந்திரமாக நடக்கிறது. ஒரு ஊருக்கு இரண்டு நிலையம் அதிகம் என்று நிபுணர்கள் முடிவு கட்டிய இடத்தில், கேட்கிறவர்கள் தங்கள் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்து 'இல்லை' என்றார்கள்.

அதற்காக இப்போது இருப்பது அப்படியே தொடரட்டும் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் டி.சி.யில் டபிள்யூ.இ.டி.ஏ நிலையம் 2005-இல் இசையை விட்டுவிட்டு முழுக்கச் செய்திக்குப் போனது. அங்கே ஏற்கெனவே டபிள்யூ.ஏ.எம்.யு என்ற செய்தி வானொலி இருந்தது. இரண்டே வருடத்தில், 2007 ஜனவரியில், டபிள்யூ.இ.டி.ஏ செவ்வியல் இசைக்கே திரும்பிவிட்டது. யாரும் யாரையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை.

பாஸ்டனில் இசைக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை, அதற்கு 99.5 இருக்கிறது. ஆனால் 89.7-இடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. காப்லி சதுக்கத்தில் உள்ள பாஸ்டன் பொது நூலகத்தில் பாய்ல்ஸ்டன் தெரு வாசல் வழியாக நுழைந்தால் ஒரு காபிக் கடை, அதை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு ஸ்டுடியோ. ஜிம் பிராடியும் மார்ஜரி ஈகனும் 'பாஸ்டன் பப்ளிக் ரேடியோ' நிகழ்ச்சியை வாரத்தில் சில நாட்கள் அங்கிருந்து நேரலையாக நடத்துகிறார்கள். கையில் காபிக் கோப்பையோடு ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மேயர் வருவார், யாரோ ஒருவர் போன் போட்டு, தன் தெருவில் பனி அள்ளவில்லை என்று நேராக அவரிடமே கேட்பார். வாடகை, ரயில் தாமதம், பள்ளிப் பேருந்து என்று பேச்சு முழுக்க இந்த ஊரைப் பற்றியதாக இருக்கும். வாஷிங்டனிலிருந்து வரும் எந்த நிகழ்ச்சியிலும் இது கிடைக்காது.

இதைக் காலை நேரத்துக்கும் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. 2009-இல் பின்னால் வந்து சேர்ந்தது ஜி.பி.எச், அதுவே 'மார்னிங் எடிஷனை' விட்டுக்கொடுக்கட்டும். என்.பி.ஆருக்குக் கட்டும் பணத்தில் அந்தப் பங்கு மிச்சமாகும். அதை வைத்து ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை முழுக்க உள்ளூர் நிகழ்ச்சி நடத்தட்டும். லோவெல், பிராக்டன், லாரன்ஸ் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் செய்தியாளர்களை அனுப்பட்டும். கோபுரப் பராமரிப்பையும் விளம்பர ஆதரவு விற்பனையையும் இரண்டு நிலையமும் கூட்டாகச் செய்துகொள்ளட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. செய்தி அறைகள் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இதில் சிக்கல் இருக்கிறது, தெரியும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் கேட்பவர்கள் அதிகம், நன்கொடையும் அதிகம். அதை விட்டுக்கொடுக்க எந்த நிர்வாகத்துக்கும் கை வராது. முதல் வருடம் நேயர்கள் குறையத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டில் ஒன்றை மூடினால் அந்த நேயர்கள் எப்படியும் போகிறவர்கள்தானே.

நிர்வாகங்கள் இதைத் தாமாகச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சியாட்டிலில்போல நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த நன்கொடை வாரத்தில் பணம் அனுப்பும்போது கூடவே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: 'இணைக்க வேண்டாம், காலை நிகழ்ச்சியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.' நான் இரண்டு நிலையத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.