எட்டுக் கோப்பை கார்டு வந்தால் வீட்டில் சாவு விழுமா?

குறி சொல்லப் பயன்படுத்தும் படச்சீட்டான டாரட் கார்டில் எட்டுக் கோப்பை வந்தால் எட்டே நாளில் வீட்டில் சாவு விழும், உடனே பரிகாரம் செய்யுங்கள் என்று தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது பொய்.

1909-இல் வெளிவந்த, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தக் கார்டின் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிவப்பு அங்கி போட்ட ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் நடந்துபோகிறார். மேலே நிலா. அவர் விட்டுப்போகும் எட்டுக் கோப்பைகளும் உடையாமல், கவிழாமல் அடுக்கியபடியே இருக்கின்றன. பிணமும் இல்லை, பாடையும் இல்லை. மனம் நிறையாத வேலையையோ உறவையோ தானாகவே விட்டுக் கிளம்புவது என்றுதான் இதற்குப் பலன் சொல்வார்கள். மரணம் என்ற பெயருள்ள கார்டு வேறு, அதன் எண் 13.

டாரட்டே 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியதுதான். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் தகவலை அனுப்பிப் பதற வைக்காதீர்கள். பரிகாரம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.