10 கி.மீ. என்று சொன்னால் 10 கி.மீ. இருக்க வேண்டும்

தூரத்துக்குச் சராசரி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பதையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையில் 10 கி.மீ. பயிற்சி ஓட்டம். முடித்து வந்தவர்களில் ஒருவரின் ஜி.பி.எஸ். கடிகாரத்தில் 9.81 கி.மீ., அடுத்தவருக்கு 9.94, மற்றொருவருக்கு 10.17. வியர்வை சொட்டச் சொட்ட ஆளாளுக்கு மணிக்கட்டை நீட்டி வாதாடிக்கொண்டிருக்க, எல்லைக்கோட்டைத் தாண்டிய ஓர் இளைஞர் தன் கடிகாரம் 10.00 காட்டும்வரை வாகனங்கள் நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். திரும்பும் இடத்தில் இருந்த ஆரஞ்சு நிறக் கூம்பை எதைக் கொண்டு அளந்து வைத்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் இரவு பைக்கில் போய், கைப்பேசிச் செயலியைப் பார்த்து வைத்தார்களாம். "ஜி.பி.எஸ். சார், சாட்டிலைட் பொய் சொல்லுமா?" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்தச் சராசரி அறிவிப்பு வந்தது.

கூம்பு இருந்தது ஓரிடத்தில், பாதை ஒன்று, அதன் நீளமும் ஒன்றுதான். அதற்கு எங்கிருந்து வந்தது சராசரி? கடிகாரம் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சில மீட்டர் பிசகக்கூடிய புள்ளிகளாக நம் இருப்பிடத்தைக் குறித்து, அவற்றைக் கோடுகளால் இணைத்துக் கூட்டிச் சொல்கிறது. அந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறித்தால், நேராக ஓடியவரும் வளைந்து வளைந்து ஓடியதாகக் கணக்காகித் தூரம் கூடும். வளைவுகளில் புள்ளிகள் குறுக்கே இணைந்தால் தூரம் குறையும். கடிகாரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அதைக் காட்டிவிட்டு அளந்துவிட்டோம் என்று சாதிப்பவர்கள் மீதுதான் கோபம்.

பாதையை அளக்கும் முறை பல்லாண்டுகளாக இருக்கிறது. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சிறிய எண்ணியைப் பொருத்துகிறார்கள். சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் அது இருபதுக்கும் மேல் எண்ணிவிடும். முதலில் எஃகு நாடாவால் அளந்த நேர்பாதையில் அந்தச் சைக்கிளை ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். வெயிலில் டயரின் காற்று விரிந்தால் கணக்கு மாறும் என்பதால், வேலை முடிந்த பிறகும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளந்து, பாதை குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1981 நியூயார்க் மாரத்தான் போதும்: அமெரிக்க ஓட்டக்காரர் ஆல்பர்டோ சலசாரின் 2:08:13 நேரம் உலகச் சாதனையாகக் கொண்டாடப்பட்டது; பிறகு அளந்து பார்த்தபோது பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு. மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகளும் 380 மீட்டர் குறைவாக ஓடவிட்டிருக்கிறார்கள்.

பயிற்சிதானே, 200 மீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்கிறார்கள். மளிகைக் கடையில் 50 கிராம் குறைந்தால் தராசைப் பிடித்து நிறுத்துகிறவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். 9.8 கி.மீ. தூரத்தை 49 நிமிடத்தில் ஓடியவரின் உண்மையான வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். அதை 10 கி.மீ. என்று நம்பவைத்தால் 4 நிமிடம் 54 விநாடி என்று எண்ணிக்கொள்வார். அந்த 6 விநாடிப் பொய் மாரத்தானின் 42.195 கி.மீ. தூரத்தில் நான்கு நிமிடத்துக்கும் மேலாகப் பெருகும். அந்த வேகத்தை நம்பி மாரத்தானில் இறங்குகிறவர், 32 கி.மீ. தாண்டியதும் கால் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்காரும்போது, கூம்பு வைத்தவர் அங்கே வந்து தண்ணீர் கொடுக்கப்போவதில்லை.

ஒரே ஒருமுறை முறைப்படி அளந்து, திரும்பும் இடத்தில் ஓர் ஆணி அடித்து, ஓரக்கல்லில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் அதையே பயன்படுத்தலாம். இதைச் சொன்னபோது, "ஓடுவது மகிழ்ச்சிக்காகத்தானே, ஏன் இவ்வளவு கணக்கு?" என்று கேட்டார் அமைப்பாளர். மகிழ்ச்சிக்காக மட்டும் என்றால் பதாகையில் அவ்வளவு பெரிய எழுத்தில் 10 கி.மீ. என்று எதற்காக அச்சடித்தீர்கள்?