தீர்ந்துவிட்டது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வியட்நாம் உணவகத்தின் மீதுள்ள கோபத்தை இனியும் அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. அங்கே சமைக்கத் தெரியவில்லை என்பதல்ல என் குற்றச்சாட்டு. தெரியாதிருந்தால் முதல் நாளோடு தலைமுழுகியிருப்பேன். ஒரு வாரம் கிண்ணத்தின் அடிவரை வழித்துக் குடிக்க வைக்கும் அதே ஃபோ, அதாவது மாட்டெலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸும் இறைச்சியும் சேர்ந்த கிண்ணம், மறுவாரம் வெந்நீரில் உப்பைக் கரைத்ததுபோல் மேசைக்கு வருகிறது. விலையில் மட்டும் ஒரு காசு குறைவதில்லை.

நல்ல நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மாட்டெலும்பை ஒரு கொதி விட்டு, அழுக்கு நீரைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு, தீயைத் தணித்து, மேலே திரளும் நுரையை வழித்துக்கொண்டே மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார்கள். நெருப்பில் வாட்டிய இஞ்சியும் வெங்காயமும், வறுத்த அன்னாசிப்பூவும் பட்டையும் கிராம்பும், கடைசியில் மீன் சாஸும் சேர்ந்த அந்தச் சாறு தெளிவாக, ஆழமாக இருக்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அதனால்தான் அந்தக் கிண்ணத்துக்கு மதிப்பு.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு வந்த கிண்ணத்தைச் சொல்கிறேன். மெல்லியதாகச் சீவிய பச்சை இறைச்சியின் மீது கொதிக்கும் சாற்றை ஊற்றினால், அந்தச் சூட்டிலேயே இறைச்சி வெந்து நிறம் மாற வேண்டும். எனக்கு வந்ததில் அது சிவப்பு மாறாமல் கிடந்தது. கொழுப்பு உதட்டில் படிந்தது. முன்கூட்டியே அவித்து வைத்திருந்த அரிசி நூடுல்ஸ், குச்சியால் பிரிக்க முடியாதபடி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறைத் திறப்பு வழியாகப் பார்த்தேன்: அடி தெரியும் அளவுக்கு வற்றிய பெரிய பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, ஒரு கை உப்பையும் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பரிமாறியவரிடம் சாறு நீர்த்திருக்கிறதே என்று பணிவாகத்தான் கேட்டேன். எல்லா நாளும் ஒரே சாறுதான் என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு நகர்ந்தார். கண்ணெதிரே நடந்ததை இல்லை என்று சொன்ன அந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வியட்நாமிலேயே எத்தனையோ ஃபோ கடைகள் விடிகாலையில் திறந்து, பாத்திரம் காலியானதும் கதவைச் சாத்திவிடுகின்றன. தாமதமாக வந்தவர் மறுநாள் வருவார், அவ்வளவுதான். அந்த நேர்மையை இங்கே கொண்டுவருவதில் என்ன கஷ்டம்? கூட்டம் அதிகம், ஆட்கள் மாறுகிறார்கள், வாடகை ஏறிவிட்டது என்ற நெருக்கடிகள் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எலும்பின் எடை, தண்ணீரின் அளவு, கொதிக்கும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைப்பதற்கு வாடகை எங்கே தடையாக நிற்கிறது?

ஊர் பேர் தெரியாத இடமாக இருந்தால்கூட இவ்வளவு கொதிக்க மாட்டேன். இது ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரத்து மேற்குப் பக்கம். 1975இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் போரில் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்த வியட்நாம் மக்கள் இங்குள்ள ஃபுட்ஸ்கிரே, சன்ஷைன் ஆகிய புறநகர்களில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கடைகளை எழுப்பினார்கள். இன்று இந்த நகரத்துக்காரர்கள் ஃபோவையும் பான் மீ என்ற வியட்நாம் சாண்ட்விச்சையும் சொந்த உணவாக நினைப்பது அவர்களின் உழைப்பால்தான். ஃபோ என்ற பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, நீர் ஊற்றிய சாற்றை முதன்முறையாகச் சாப்பிட வருபவருக்குக் கொடுத்தால், ஃபோ என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவர் எழுந்து போய்விடுவார். திரும்பி வரவே மாட்டார்.

சாறு தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லுங்கள். நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றியிறைச்சியும் உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. கோம் தாம் எனப்படும் அந்தச் சோற்றை ஒரு தட்டு கொடுங்கள், முழுக் காசையும் மனநிறைவோடு கொடுத்துவிட்டுப் போகிறேன்.