'போகலாம்' என்பதை எல்ஸ் பக்கம் வைக்காதீர்கள்

பாஷில் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல்) ஸ்கிரிப்ட் எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் மாமா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். மறுநாள் காற்று 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'போகாதீங்க', இல்லையென்றால் (ஸ்கிரிப்டில் இதுதான் எல்ஸ், else, பக்கம்) 'போகலாம்' என்று தினமும் அவர் போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் விடியுமுன் கூப்பிட்டார். "என்ன மாப்ளே, கடல் தரையாட்டம் கெடக்கு, உன் மெசேஜ் போகாதேங்குது?"

அன்றைக்குக் காற்று வெறும் 9 கிலோமீட்டர்.

[[ ]] அடைப்புக்குள் > குறி போட்டிருந்தேன். அங்கே பாஷ் எண்ணாகப் பார்க்காது, அகராதியில் சொல் அடுக்குவதுபோல் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 4-க்குப் பின்னால் 9 வருவதால் 45-ஐவிட 9 பெரிது! எண்களுக்கு -ஜிடி (-gt, 'அதைவிடப் பெரிது') போட வேண்டும். பெர்ல் என்ற நிரல் மொழியில் இது அப்படியே தலைகீழ்: > எண்ணுக்கு, ஜிடி எழுத்துக்கு. ஒற்றை [ ] என்றால் இன்னும் மோசம். 45 என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு, நிபந்தனை சரிதான் என்று சொல்லிவிடும்.

அந்தச் செய்தியால் ஆட்கள் வராமல் மாமாவுக்கு ஒருநாள் மீன்பாடு போனது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காற்று 110 என்று வந்திருந்தால்? 1 முன்னால் வருவதால் 'போகலாம்' என்று போயிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, -ஜிடி போட்டாயிற்று. அப்புறம் ஒருநாள் வானிலை விவரமே வரவில்லை, காற்றின் அளவை வைக்கும் மாறி (variable) காலியாக இருந்தது. [[ ]] அடைப்புக்குள் -ஜிடி காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பிழை என்றுகூடக் காட்டாது. பூஜ்யம் 45-ஐத் தாண்டவில்லை, ஆகவே 'போகலாம்'. நல்லவேளை, திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன், நிறுத்திவிட்டேன்.

எல்ஸ் என்றால் 'காற்று குறைவு' என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. விவரம் வராதது, எழுத்து கலந்து வந்தது, நான் யோசிக்காமல் விட்டது எல்லாம் அங்கேதான் போய் விழும். அந்த இடத்தில் 'போகலாம்' இருக்கவே கூடாது. நிபந்தனையைத் திருப்பி எழுதுங்கள்: வந்தது இலக்கம் மட்டும்தானா, 45-க்குள் இருக்கிறதா, இரண்டும் தேறினால்தான் 'போகலாம்'. எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கி முடிப்பது அழகுதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நாலு வரி கூடினால் என்ன?

இப்போது எல்ஸ் பக்கத்திலிருந்து மாமாவுக்கு வருவது இதுதான்: 'அளவு சரியா வரல. போகாதீங்க. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திருக்கான்னு கேளுங்க.'